பேய் வந்த இடங்கள்

பெட்டியிலிருந்த அம்மாவின் பழைய சேலையை நீவினேன். ஓரிடத்தில் விரல் தட்டியது. ஆகா, இங்கேதான் முதல் பேய் வந்தது!

அது யுத்த காலம். அருப்புக்கோட்டையில் அப்பா தறியில் உட்கார்ந்து நெய்ய, நான் பக்கத்தில் குச்சிகளில் நூலைச் சுற்றித் தார் போட்டுக் கொடுப்பேன். இங்கிலீஷ் படித்த அக்கா, இரவல் வாங்கிய அமெரிக்கக் கதைப் புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்வாள். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு என்பதால் அந்த நாட்டுப் பேயும் தெலுங்கு பேசியது. ஆளில்லாத மாளிகையில் நாற்காலி தானாக ஆடும்போதெல்லாம் அப்பா பயத்தில் நூலை நெருக்கும் பலகையை ஓங்கி அடித்துவிடுவார்.

நூல் கொடுத்த முதலாளி சேலையை விரித்ததும் முகம் சுளித்தார்.

"என்னப்பா, நாலு எடத்துல பட்டை பட்டையா நெருக்கி அடிச்சிருக்கீக? இது எனக்கு வேணாம்."

அத்தனை நாள் உழைப்பும் போச்சு. அப்பா தலைகுனிந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்கதான் பேய் வந்துச்சு, மொதலாளி!"

"பேயா?"

அக்கா கதையை முதலிலிருந்து சொன்னாள். முதலாளி சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டை பட்டையாக விரலை நகர்த்திக்கொண்டே கேட்டார். நாலாவது பட்டையில் விரல் நின்றது.

"அப்புறம்?"

"அதுக்கு மேல கதையை அப்பா இன்னும் நெய்யலையே" என்றாள் அக்கா.

வேண்டாமென்ற இந்தச் சேலை அம்மாவுக்கு வந்தது. அடுத்த சேலைக்கான நூல் மறுநாள் காலையிலேயே வந்தது. முதலாளியே தோளில் சுமந்து வந்தார்!