துரைசாணி அனுப்பிய இரும்பு மோதிரம்

பாலாமணி பதினாறு வருஷம் ஓர் இரும்பு மோதிரத்தை விரலில் போட்டிருந்தாள். சனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டு போட்டது என்றுதான் இலங்கையின் மாத்தளைக் கடைத்தெருவில் பலரும் நினைத்தார்கள். கேட்டவர்களிடம் அவள், "இல்லைங்க, இது எங்க துரைசாணி ஜேர்மனியிலேருந்து அனுப்பினது" என்பாள். அதைச் சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிரும்.

பல்லேபொலைப் பக்கத்துக் கொக்கோ தோட்டம் ஒன்றை முன்பு ஒரு ஜேர்மன்காரத் துரை நடத்தினார். பாலாமணி அந்தப் பங்களாவில் ஆயா. துரையின் ஒரே மகள் கிரேத்தாவைப் பிறந்த மூன்றாம் நாளிலிருந்து கையில் ஏந்தி வளர்த்தவள் அவள்தான். பாலாமணியின் சொந்த மகள் அழகாயி தோட்டக் கூலிகளின் லயத்துக் காம்பராவில் பக்கத்து வீட்டுக்காரர்களின் தயவில் வளர்ந்தாள்.

1914இல் வெள்ளைக்காரர்களுக்குள் சண்டை மூண்டது. சில வாரங்களில் பொலிஸ் வந்து, எதிரி நாட்டுக்காரன் என்று துரையை முகாமுக்குக் கொண்டுபோனது. தோட்டம் கைமாறியது. துரையின் மனைவி துரைசாணியும் ஐந்து வயதுக் கிரேத்தாவும் சில மாதங்கள் பங்களாவிலேயே காவலில் இருந்தார்கள். பிறகு அவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்ப உத்தரவு வந்தது.

புறப்படும் நாள் காலை துரைசாணி பாலாமணியைச் சமையலறைக்குள் அழைத்தாள். தோட்டத்தில் பழகிய உடைந்த தமிழில் பேசினாள்.

"எல்லாம் எடுத்துட்டாங்க, பாலாமணி. கையில ஒண்ணும் இல்ல. கப்பல்ல பாப்பாவுக்குப் பால் வாங்கணும். உன் சங்கிலி குடு. ஊர் போய்த் திருப்பி அனுப்பறேன்."

இரண்டு பவுண் சங்கிலி அது. கோப்பித் தோட்டக் காலத்தில் பாலாமணியின் தாய் இந்தியாவிலிருந்து மன்னாரில் வந்திறங்கிக் காட்டுப் பாதையில் மாத்தளைவரை நடந்து வந்தபோது மடியில் முடிந்துகொண்டு வந்தது. வழியில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள், அந்தச் சங்கிலியை மட்டும் விற்கவில்லை.

பாலாமணி புருஷனைக் கேட்கவில்லை. கழற்றிக் கொடுத்தாள்.

புருஷன் செல்லச்சாமி அன்று அடிக்கவில்லை. கேட்டான்: "வெள்ளக்காரி பிள்ளைக்குப் பாலு. சரி. நம்ம பிள்ளைக்கு?"

அதற்குப் பிறகு பொலிஸ் அவளை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தது. ஜேர்மன்காரன் எதை எங்கே புதைத்தான், துரைசாணி என்ன கொண்டுபோனாள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். "அவங்ககிட்ட ஒண்ணுமே இல்லைங்க. பாலுக்கே வழியில்லாமப் போனாங்க" என்று அழுதாள். புதிதாக வந்த துரை, எதிரியின் ஆட்கள் வேண்டாம் என்று குடும்பத்தைத் தோட்டத்தைவிட்டு வெளியேற்றினான். மாத்தளை டவுனுக்கு வந்தார்கள். செல்லச்சாமி மிளகு மூட்டை சுமந்தான். அவள் வீடுகளில் பாத்திரம் கழுவினாள். அழகாயியை வெறுங்கழுத்தோடு கட்டிக்கொடுத்தார்கள். பெண்ணின் மாமியார் அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டினாள்.

1920இல், தோட்டத்து விலாசத்துக்குப் பாலாமணி பேரில் வந்த ஒரு சின்னப் பெட்டியை அங்கிருந்த கிளாக்கர் ஆள்வசம் அனுப்பிவைத்தார். உள்ளே ஒரு மோதிரமும் ஓர் அட்டையும். "எங்கள் பாலாமணிக்கு, நன்றியுடன்" என்று அட்டையில் இங்கிலீஸில் இருந்தது. சங்கிலி இல்லை.

செல்லச்சாமி மோதிரத்தைத் திருகோணமலை வீதியில் நகை செய்யும் சுந்தரலிங்கத்திடம் கொண்டுபோனான். அவர் கல்லில் உரசிப் பார்த்தார்.

"வெறும் இரும்பு. சுத்திவர எழுத்து வெட்டியிருக்கு. எழுத்து இங்கிலீஸ் மாதிரித்தான், ஆனா பாஷை வேற. 1914ன்னு மட்டும் தெரியுது."

"பாத்தியா ஒன் துரைசாணிய!" என்றான் செல்லச்சாமி வீட்டுக்கு வந்து.

பாலாமணி வேறு விதமாக யோசித்தாள். தோற்றுப்போன நாடு. பட்டினி கிடந்திருப்பார்கள். கையில் மிஞ்சிய கடைசிப் பொருளைக் கழற்றி அனுப்பியிருக்கிறாள், பாவம். அப்படியே நம்பி விரலில் போட்டுக்கொண்டாள். மலேரியா ஊரை வாரிக்கொண்டு போன வருஷம் செல்லச்சாமி செத்தபோதும் அதைக் கழற்றவில்லை.

1936 தைப்பொங்கல் கழிந்த வாரம். பாலாமணி அப்போது டொறீன் டீச்சர் வீட்டில் சமையலுக்கு இருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் டொறீன், அவளை ஒரு நாளும் வேலைக்காரி என்று பேசாதவர். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தோட்டத்தில் விசாரித்து, டவுன் முழுக்கத் தேடி வந்த உயரமான வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இறங்கினாள். பாலாமணியைக் கண்டதும், "தூங்கு, தூங்கு" என்றாள். அவளுக்கு மிஞ்சியிருந்த தமிழ் அவ்வளவுதான்.

"கிரேத்தா! எங் கண்ணு!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கிரேத்தா புருஷனோடு ஜப்பானுக்குப் போகிறாளாம்; கப்பல் கொழும்பில் நிற்கிறதாம். அவள் இங்கிலீஸில் சொல்ல, டொறீன் தமிழில் சொன்னார். பாலாமணியின் கையைப் பிடித்த கிரேத்தா மோதிரத்தைப் பார்த்ததும் கூவினாள்.

"இத இன்னும் போட்டிருக்கீங்களான்னு கேக்கிறாங்க" என்றார் டொறீன்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க டீச்சர். இத்தன வருஷமா யாருக்கும் தெரியல்ல."

"தங்கம் குடுத்தேன், இரும்பு வாங்கினேன்னு இருக்காம். சண்டைச் செலவுக்காக அந்த ஊர்ச் சனங்க வீட்டுத் தங்கத்தக் குடுத்தாங்களாம். குடுத்தவங்களுக்குக் கவுரவமா இப்படி இரும்பு மோதிரம். அந்த நாள்ல தங்கம் போட்டிருந்தா வெக்கமாம், இரும்பு போட்டிருந்தாப் பெருமையாம்."

"அப்ப துரைசாணி அம்மா அவங்க மோதிரத்தையே குடுத்துட்டாங்களா?"

கிரேத்தா சிரித்து, இல்லை என்று தலையாட்டினாள். அம்மாவின் கல்யாண மோதிரம் இன்றும் விரலில் இருக்கிறது. மற்ற நகைகளும் பத்திரம். என் பொம்மையின் வயிற்றில் வைத்துத் தைத்துத்தானே கொண்டுபோனோம் என்றாள். பிறகு பெருமையோடு நீளமாக எதையோ சொன்னாள். டொறீன் மோதிரத்தையும் பாலாமணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன டீச்சர்?"

"ஒங்க சங்கிலியத்தான் குடுத்தாங்களாம். நகர மண்டபத்துல, எல்லாருக்கும் முன்னால. சிலோன்ல எங்க ஆயாகூட நம்ம நாட்டுக்காகத் தங்கம் குடுத்தாள்ன்னு சொல்லிக் குடுத்தாங்களாம். எல்லாரும் கைதட்டினாங்களாம், பேப்பர்லயும் வந்திச்சாம். அதனால மோதிரம் ஒங்களுக்குச் சேரவேண்டியதுன்னு அனுப்பிச்சாங்களாம்."

"கப்பல்ல பாலு?"

டொறீன் கேட்டுச் சொன்னார். "கப்பல்ல சும்மாவே குடுத்தாங்களாம்."

பாலாமணி மோதிரத்தை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. பின்பக்கம் போய்ச் சவர்க்காரம் நுரைக்கத் தேய்த்து, தோல் உரிய உரியக் கழற்றினாள். கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"யாரோட சண்டைக்கும் நான் குடுக்கல்ல. ஒன் வயித்துக்குக் குடுத்தேன். ஒங்க அம்மா எங்கிட்டப் பொய் சொல்லி வாங்கினாங்க. நாஞ் சொல்லாத சொல்ல ஊருக்கே சொல்லியிருக்காங்க. இந்தக் கவுரவத்த அவங்ககிட்டயே குடு. சொல்லுங்க டீச்சர்."

டொறீன் மெதுவாக இங்கிலீஸில் பேசினார். கிரேத்தாவின் கண் நிறைந்தது. பாலாமணியின் இரண்டு கைகளிலும் முத்தமிட்டாள். மோதிரத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாள். ஜேர்மனியில் தன் அம்மாவின் விலாச அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு, கார் திரும்பும்வரை கையசைத்தபடியே போனாள்.

பாலாமணி டொறீனைப் பார்த்தாள். "நாஞ் சொன்னதச் சொன்னீங்களா?"

டொறீன் மேசை விரிப்பை நீவினார். "அவ்வளவு தூரத்துலேருந்து தேடி வந்த பிள்ள... மனசு வரல்ல, பாலாமணி. அம்மாவுக்கு ஞாபகமாக் குடுக்கிறீங்கன்னு சொல்லிட்டேன்."

பாலாமணி அடுப்பில் கொதித்த சோற்றை வடித்து வைத்துவிட்டு வெளியே போனாள். அடுத்த நாள் அவள் வேலைக்கு வரவில்லை.

அதற்கு மறுநாள் அரசாங்கக் கச்சேரி வாசலில் சனங்களுக்கு மனு, பெட்டிசம் எழுதும் ரபாயேலிடம் விலாச அட்டையை நீட்டினாள். அவர் பேனாவை எடுத்து, "மிகவும் தாழ்மையுடன்..." என்று ஆரம்பித்தார்.

"தாழ்மையெல்லாம் வேணாங்க. நாஞ் சொல்றத மட்டும் எழுதுங்க. எழுதினத எனக்குத் தமிழ்ல திருப்பிச் சொல்லுங்க."

மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். பிறகு தானே தபால் கந்தோருக்குப் போய்க் கடிதத்தைப் போட்டாள்.

அந்த வருஷமும் பதில் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. 1939இல் மறுபடி சண்டை மூண்டு ஜேர்மனிக்குத் தபாலே நின்றுபோனது. பாலாமணி மிளகுக் கிட்டங்கி ஒன்றில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து மிளகு புடைத்துப் பிழைத்தாள். டொறீன் டீச்சர் பல தடவை ஆளனுப்பிக் கூப்பிட்டார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் பாலாமணி நின்று சுகம் விசாரிப்பாள். அந்த வீட்டுப் படியை மட்டும் அவள் பிறகு மிதிக்கவே இல்லை.