பாதரசம் பட்ட பொன்

என் கணவர் பல் வைத்தியர். பட்டம் வாங்கியவர் அல்ல. சேலத்தில் ஒரு பல் டாக்டரிடம் ஆறு வருஷம் இருந்து கைவேலையாகக் கற்றுக்கொண்டவர். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தர்மபுரியில் கடைத்தெருவை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். முன்னறையில் சாய்வு நாற்காலி, காலால் மிதித்துச் சுற்றும் குடைகருவி, கண்ணாடி வைத்த பீரோ. பின்னறையில் சமையல். அங்கே நானும் என் மாமியாரும். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான் இருந்தது.

வருகிறவர்கள் கத்துவார்கள். பல்லைப் பிடுங்கும்போது சிலர் என் கணவரின் அம்மாவையும் அக்காவையும் திட்டுவார்கள். நான் சிறு வயதிலிருந்தே பயந்தவள். எட்டாவது வரை படித்தேன். வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. முன்னறையில் கத்தல் கேட்டால் என் வலது கை தானாகத் தாலிக்குப் போகும். இறுகப் பிடித்துக்கொள்வேன். கத்தல் ஓய்ந்த பிறகுதான் கை இறங்கும்.

பெரும்பாலும் பல் பிடுங்கத்தான் வருவார்கள். தாலுகா கச்சேரி குமாஸ்தாக்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் மாதிரி சிலர் மட்டும் சொத்தையை அடைக்கச் சொல்வார்கள். அதற்கு வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் கண்ணாடிக் கல்வத்தில் அரைத்து, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் பிசைய வேண்டும். என் கணவரின் உள்ளங்கை எப்போதும் வேர்க்கும். கல்யாணத்துக்கு முன்பு அவர் அடைத்த பற்கள் சில, நான்கைந்து நாள் கழித்து வலிக்க ஆரம்பித்தன. அடைத்தது உள்ளுக்குள் உப்பி, பல்லை விட்டு மேலே எழும்பியிருந்தது. ஈரம் பட்டதுதான் காரணம் என்று சேலத்து டாக்டர் சொன்னாராம்.

ஒரு நாள் திரையை விலக்கி, "கைய நீட்டு," என்றார். என் உள்ளங்கையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"என் கை தண்ணி வுடுது. உன் கை ஓலையாட்டம் காஞ்சி கெடக்குது. இனிமே நீயே பெசஞ்சி குடுத்துடு."

பின்னாலிருந்து என் மாமியார், "கட்டினவள கம்பவுண்டரு ஆக்கிப்புட்டான். களி கிண்டற கையி பல்லுக்கு மாவு பெசையப் போவுதா?" என்றார்.

அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. திரைக்கு இந்தப் பக்கம் நின்று பிசைவேன். முதலில் மணல் போல் நறநறவென்று இருக்கும். மூன்று நிமிஷத்தில் வெண்ணெய் போல் ஆகிவிடும். காதைத் தீட்டிக்கொண்டு நசுக்கினால், கிழங்கு மாவை விரலில் நசுக்குகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் பதம். பிறகு மெல்லிய தோலில் வைத்து முறுக்கிப் பிழிந்தால் மிச்சப் பாதரசம் சின்னச் சின்ன முத்தாக வெளியே வந்து விழும். அதை ஒரு கார்டால் வழித்துச் சீசாவில் சேர்க்க வேண்டும். யுத்தத்தினால் எதுவும் சுலபத்தில் கிடைக்காத காலம். பிழிந்ததை உடனே கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் இறுகிப்போய் உதிரும். பல்லுக்குள் போன பிறகும் அது முழுக்க இறுக ஒரு நாள் பிடிக்கும்.

"நாளைக்கி வரிக்கும் அந்தப் பக்கம் மெல்லாதீங்க. களி மட்டும் முழுங்குங்க," என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்வார்.

"களிக்கு எதுக்குங்க பல்லு? வாயி இருந்தா போதாதா?" என்பார்கள் அவர்களும்.

வேலை தொடங்கிய அன்றே அவர் ஒரு எச்சரிக்கை செய்தார். "மோதரத்த கழட்டி மாடத்துல வெச்சிடு. தங்கத்துல பாதரசம் பட்டா தின்னுப்புடும். மூக்குத்தி, கம்மல் பக்கம் கையக் கொண்டு போவாத."

தாலியைப் பற்றி அவர் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தாலியை எங்கள் வீட்டில் யாரும் நகையோடு சேர்த்து நினைத்ததில்லை. அதுவும் தங்கம்தான் என்பது எங்கள் இரண்டு பேர் மனசிலும் வரவில்லை.

அது ஒரு புதன்கிழமை. அவர் அரூர் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் கச்சேரி குமாஸ்தா ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டிருந்தார். முதல் உருண்டையைக் கொடுத்துவிட்டு நான் அடுத்ததைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் கருவியை வைத்து அழுத்தியிருக்கிறார். குமாஸ்தா, "ஐயோ ஆத்தா! கொல்றானே!" என்று அலறினார். என் கை தாலிக்குப் போய்விட்டது. எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது. என் கணவர் திரைக்கு இந்தப் பக்கம் கையை நீட்டியபோதுதான் விட்டேன்.

வேலை முடிந்ததும் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "அரூர்ல ஒரு நாள் வேல. சித்தேரி மலை அடிவாரத்துல ஒருத்தருக்குத் தாடை வீங்கிக் கெடக்குதாம். ஆளு உட்டிருக்காங்க. பாத்துட்டு வெள்ளிக்கெழம வந்துடறன்."

"மலையோரத்துல தங்காத சாமி. அந்தக் காய்ச்சல் புடிச்சா ஆளையே உருக்கிப்புடும்," என்றார் என் மாமியார். அவர் கணவர் அப்படி ஒரு காய்ச்சலில்தான் போனார்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுத் தாலிக்குக் குங்குமம் வைக்க எடுத்தேன். பொட்டுத் தாலியின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. ஈயத்தில் செய்தது போல.

பாதரசம் முதலில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. என் கணவர்தான் நினைவில் வந்தார். அரூரில் எங்கோ அவர் விழுந்து கிடப்பதாகவே மனசு காட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு விரலால் தேய்த்தேன். விரலில் சாம்பல் நிறக் கறை ஒட்டியது. பிசைகிற நாளெல்லாம் என் கட்டைவிரலில் இருக்கும் அதே கறை. அப்போதுதான் புதன்கிழமை அலறல் நினைவுக்கு வந்தது.

காரணம் தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. இது பாதரசம் செய்த வேலை என்று புத்தி சொன்னது. அவர் மலைப்பக்கம் போன நாளாகப் பார்த்து ஏன் பட்டது என்று மனசு கேட்டது. புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பலால் தேய்த்தேன். வெள்ளை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியதே தவிர இறங்கவில்லை. என் மாமியாரிடம் சொல்ல வாய் வரவில்லை. முந்தானையைக் கழுத்து வரை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"காத்தே இல்லாத நாள்ல எதுக்கு இப்பிடிப் போத்திக்கிட்டுத் திரியற? குளிரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க அத்த, சும்மாதான்," என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அந்தக் காலத்து பஸ்கள் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடியவை. மேடு வந்தால் நின்றுவிடும். ஆகவே இருட்டும் வரை அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டோம். சனிக்கிழமை காலையில் குங்குமம் வைக்கும்போது தாலியின் விளிம்பிலிருந்து எள்ளளவு துண்டு உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. தங்கம் வளையும், தேயும். உடைந்து நான் பார்த்ததில்லை. இதுவோ உளுத்துப்போன மரம் போல, அழுத்தாமலே விண்டுபோயிற்று. இன்னும் இரண்டு நாள் விட்டால் துளை இருக்கும் இடம் வரைக்கும் போய்விடும். கயிற்றிலிருந்து அதுவாகக் கழன்று விழுந்துவிடும். அப்படி விழுந்தால் நான் என்ன ஆவேன் என்று நினைக்கக்கூட முடியவில்லை.

அவர் பழைய அடைப்புத் துண்டுகளை இரும்புக் கரண்டியில் போட்டுக் காய்ச்சுவதை நான் பார்த்திருக்கிறேன். பாதரசம் புகையாகப் போய்விடும், வெள்ளி அடியில் தங்கும். அந்த நாளில் எங்கள் இருவரையும் வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காற்று தன் முதுகுப் பக்கம் வரும்படி நிற்பார். "அந்தப் புகை உள்ள போச்சின்னா ஈறு வெந்து நல்ல பல்லே ஆடிப்போவும்," என்று சொல்லியிருந்தார். வெள்ளியிலிருந்து போகுமென்றால் தங்கத்திலிருந்தும் போகத்தானே வேண்டும் என்று எண்ணினேன். தங்கமே உருகிவிடுமோ என்றும் எண்ணினேன். கேட்பதற்கு அவர் இல்லை.

மத்தியானம் என் மாமியார், அரூர் பஸ் டிரைவரைக் கேட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். நான் கொல்லையில் கும்முட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்தேன். முதலில் ஒரு புது மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் முடிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் தாலிக் கயிற்றை அவிழ்த்தேன். தாலியை மட்டும் கரண்டியில் வைத்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்தேன்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பு கனன்று கரண்டி சிவந்தது. பிறகு வெள்ளை மெல்ல மங்கியது. புகை என்று கண்ணுக்கு ஏதும் தெரியவில்லை. தெரியாததே இன்னும் பயமாக இருந்தது. காற்று ஒரு தடவை என் முகத்துப் பக்கம் திரும்பியது. மூச்சை அடக்கிக்கொண்டேன். வெள்ளை போன இடத்தில் மண் நிறத்தில் ஏதோ தெரிய ஆரம்பித்தது.

கொல்லைக் கதவு திறந்தது. என் மாமியார் என் கழுத்தில் மஞ்சள் கிழங்கைப் பார்த்தார். மடியில் கிடந்த கயிற்றைப் பார்த்தார்.

"பாவி! எம் புள்ளைக்கு என்னாடி ஆச்சி? ஆருடி வந்து சொன்னது?"

வாசற்படியிலேயே உட்கார்ந்து மாரில் அறைந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார். கரண்டியைக் காட்டினேன்.

"ஒண்ணுமில்லீங்க அத்த... பாதரசம் பட்டுடுச்சி. வெளுத்துப்போச்சி. அத எடுக்கறன்."

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "தாலியப் போட்டு அடுப்புல வறுக்கறவள இன்னிக்கித்தான் பாக்கறன்," என்றார். எழுந்து அடுப்பருகே வந்தார். "அப்ப அவன் நல்லாத்தான் இருக்கறானா?"

"நல்லாத்தான் இருப்பாருங்க அத்த."

"இருப்பாருன்னா? நீ பாத்தியா?"

டிரைவருக்கும் ஒன்றும் தெரியவில்லையாம். இருவரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கரண்டி ஆறியதும் தாலியை எடுத்தேன். மங்கலாக, அம்மைத் தழும்பு போல் பள்ளம் பள்ளமாக இருந்தது. ஒரு ஓரம் இல்லை. ஆனால் அது மஞ்சள்தான். தொட்டால் உதிரவில்லை. என் மாமியார் புளியை எடுத்து அவரே தேய்த்தார். என் கையில் போட்டு, "மொதல்ல கட்டு. மத்தத அப்பறம் பேசலாம்," என்றார். நான் கட்டுகிற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாலி இழந்த தன் பார்வை படக்கூடாது என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் வந்தார். காய்ச்சல் இல்லை. தாடை வீங்கியவருக்குச் சீழ் வடிய இரண்டு நாள் ஆகிவிட்டதாம். அவர் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் என் மாமியார் என் முந்தானையை விலக்கி, "பாரு, உன் தொழிலு பண்ண வேலைய," என்றார். நடந்ததையும் அவரே சொன்னார்.

தாலியை அவர் ஒரு கணம்தான் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"எந்தப் பக்கம் நின்ன? காத்து எங்கேருந்து வந்திச்சி? எவ்ளோ நேரம்?"

என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சின்னக் கண்ணாடியால் ஈறுகளைப் பார்த்தார். ஒவ்வொரு பல்லையும் விரலால் அசைத்தார். "எச்சி ஊறுதா? வாயில செம்பு நக்கினாப்பல இருக்குதா?" அவர் கை வேர்த்து என் மோவாயில் சொட்டியது. நான் பயந்தவள் என்பது ஊருக்குத் தெரியும். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பத்துப் பதினைந்து நாள் தினமும் காலையில் இப்படிப் பார்த்தார். ஒரு பல்லும் ஆடவில்லை. மோதிரத்தைச் சொன்னவன் தாலியைச் சொல்லாமல் விட்டேனே என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பத்தரிடம் கொடுத்து, நல்ல நாள் பார்த்து, அதே பொன்னோடு கொஞ்சம் புதுப் பொன் சேர்த்து வார்த்துக் கட்டினோம்.

அதற்குப் பிறகும் நான்தான் பிசைந்தேன். வேறு வறண்ட கை அந்த வீட்டில் இல்லை. கல்வத்தை எடுத்ததுமே தாலிக் கயிற்றை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு ரவிக்கைக்குள் செருகிக்கொள்வேன். கத்தல் கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

என் கணவர் வெளியூர் போகிற நாட்களில் மட்டும் ஒன்று நடக்கும். காலையில் என் மாமியார் எழுந்து வந்ததும் முதலில் என் கழுத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார். அவர் பார்த்து முடிக்கும்வரை முந்தானையைச் செருகாமல் நான் நின்றுகொண்டிருப்பேன்.