குடையை மடக்கிய மதியம்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் கமிட்டியில் இருந்த ஒரே பெண் நான். கொழுந்து பறிக்கிறவர்கள் மதியம் மழையில் நனையாமல் சாப்பிட மலையில் ஒரு கொட்டகை கேட்டோம். ஒவ்வொரு முறையும் எஸ்டேட்டை நடத்திய துரை எங்களை ஆபீசுக்கு அழைத்து, தேநீரும் பிரிஞ்சாங் டவுனில் வாங்கிய கேக்கும் கொடுப்பார். கேக்கை விழுங்கிய வாயால் எங்கள் ஆண்களுக்கு அதட்டிப் பேச வராது. "பார்க்கலாம்" என்ற பதிலோடு கும்பிட்டுத் திரும்புவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் நான் கேக்கைத் தொடவில்லை.

"இவ்வளவு நாளு உங்க கேக்கத் தின்னோம் தொர. நாளைக்கு மலைக்கு வந்து எங்க சோத்தத் தின்னுங்க" என்றேன். ஆபீஸ் கணக்கரான கிராணி அதைத் துரைக்கு மலாய் மொழியில் சொன்னார். இத்தனை நாள் உபசரித்தவர் மறுக்க முடியுமா? வந்தார்.

சோறும் நெத்திலிச் சம்பலும் தட்டில் போட்டுக் கொடுத்தேன். தூறல் வலுத்தது. கிராணி ஓடிவந்து துரைக்குக் குடை பிடித்தார்.

"குடைய மடக்குங்க கிராணி. நாங்க திங்கிற மாதிரியே அவரும் திங்கட்டும் லா."

துரையே கையசைத்துக் குடையை விலக்கினார். சம்பலில் மழைத்தண்ணீர் தேங்கியது. முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த மாதம் கொட்டகை வந்தது. ஆபீசில் கேக் நின்றுபோனது. அதற்கு மட்டும் கமிட்டி ஆண்கள் என்னைத்தான் திட்டினார்கள்.