காற்றை அழைத்தவளும் என் முதல் பந்தியும்

பேசாலையைப் பிறப்பிடமாகவும் மன்னார் நகரை வதிவிடமாகவும் கொண்ட சூசைப்பிள்ளை சந்தியோகு ஆகிய நான், எழுபத்தொரு வயது நிறைந்த நிலையில் இதனை எழுதுகின்றேன். மாவட்டச் செயலகமாகிய கச்சேரியின் வாசலில் மனுத் தட்டச்சு செய்பவனுக்குப் பிறர் துன்பமே தொழில். அத்தொழிலில் முதுகு வளைந்த தோழர்களே, ஒரு காதல் நாவல் என்னைக் குழப்பிய விதத்தை உங்களிடமன்றி வேறு யாரிடம் சொல்வேன்?

மூன்று கொப்பிகள்

நறுவிலிக்குளத்துப் பிலோமினா ரீச்சர் ஒருநாள் கையால் எழுதி நிரப்பிய மூன்று கொப்பிகளை என் மேசையில் வைத்தார். கொழும்புப் பதிப்பகம் ஒன்று நாவல் கேட்டிருந்தது. தட்டச்சுப் பிரதியை மட்டுமே ஏற்குமாம். கதை இதுதான்: காற்றை அழைக்கும் மந்திரம் ராசாவால் தடைசெய்யப்பட்ட ஒரு நாடு. அம்மந்திரம் அறிந்தவள் ஒரு மீனவப் பெண். அவளைக் காதலிப்பவனோ, அத்தடையைக் காக்கும் படைத்தலைவன்.

ஏழு வருட உழைப்பு என்றார். நான் தமிழைச் சுயமாகக் கற்றவன், நூறு நூல்களுக்கு மேல் வாசித்தவன் என்பதை அவர் அறிவார். “ஐயா, நல்லதெண்டால் அனுப்புவன். இல்லையெண்டால் அடுப்புக்குள்ள வைப்பன். முகத்துக்காகச் சொல்லாதேங்கோ.”

வெள்ளாங்குளத்து அம்மா

அதிகாரிகள் மனுவின் முதல் பந்திக்கு, அதாவது முதல் பத்திக்கு, அப்பால் வாசிப்பதில்லை. ஆகவே யார் எதைக் கொண்டுவந்தாலும் அதன் சாரத்தை முதல் பந்திக்கு ஏற்றிவிடுவது என் முப்பது வருடப் பழக்கம். இந்நாவலின் சாரமோ பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஒளிந்து கிடந்தது: அப்பெண் காற்றை அழைக்கும் ஒவ்வொரு முறையும், தனக்குப் பிரியமான ஒருவரை மறந்துபோவாள். நான் அதனை முதல் பக்கத்தில் ஏற்றினேன். உதவி செய்ததாகவே எண்ணினேன்.

எழுத்தறியாதோர் கேட்பதற்காக, உரத்து வாசித்தபடியே தட்டுவதும் என் வழக்கம். காணி மனுவுக்காக வெள்ளாங்குளத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா முதல் பக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். கதையில் அவள் முதலில் தோழியை மறந்தாள். பிறகு தம்பியை மறந்தாள். கச்சேரிக்குள் போக வெள்ளாங்குளத்து அம்மாவின் முறை வந்தது. அவர் எழும்பாமல், பின்னால் நின்றவரைக் கைகாட்டி அழைத்தார். “தம்பி, நீர் முந்திப் போம். இவள் தாயையும் மறக்கப்போறாளோ எண்டு பாத்திட்டுத்தான் நான் காணி அலுவல் கதைப்பன்.”

தண்டு வலித்தவன்

ஒரு வாரம் கழித்து நடு அதிகாரம். படைத்தலைவன் எதிர்க்காற்றில் துடுப்புத் தண்டு வலித்துத் தோணியில் வருகின்றான். அவள் கரையில் பார்த்து நிற்கின்றாள். வலை அனுமதிக்காக வந்த ஒரு மீனவர் சிரித்தார். “காத்தைக் கூப்பிடத் தெரிஞ்சவள், பெடியனைக் கை கிழிய வலிக்க விட்டிட்டு நிக்கிறாளே. இதுவோ ஐயா காதல்?”

நியாயமான கேள்வி. குறை ஒன்று எனக் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த முசலிப் பகுதி வியாபாரி, நாங்கள் நானா என்று அழைப்பவர், வேறொரு குறை கண்டார். மந்திரம் ஏன் தடைசெய்யப்பட்டது என்பது ஓரிடத்திலும் இல்லை என்றார். “அந்த ராசாவும் நம்மட கச்சேரிக் கந்தோர்க்காரர் மாதிரித்தான் மாஸ்டர். காரணம் சொல்லாமலே தடுக்கிறார்.”

ரீச்சரின் விடை

தட்டச்சு முடிந்த நாள் பின்னேரம் ரீச்சர் வந்து முதல் பக்கத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப் போனது. நான் என் பழக்கத்தை விளக்கினேன். “உங்கட அதிகாரி முதல் பந்தியோட நிப்பாட்டுவார் ஐயா. என்ர வாசகர் நிப்பாட்டமாட்டார் எண்டு நம்பித்தானே எழுதினனான்.”

வெட்கத்துடன் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும் வெள்ளாங்குளத்து அம்மாவை எழும்பவிடாமல் வைத்தது அந்தப் பந்திதானே என்ற எண்ணமும் போகவில்லை. இது என் பிழையா, நாவலின் நிறையா? தீர்ப்பை ஒத்திவைத்து, தண்டு வலித்த குறையை எடுத்துரைத்தேன். ரீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கூப்பிட்டிருந்தால் இன்னொரு ஆளை மறந்திருப்பாள். அது அவனாயும் இருக்கலாமல்லோ. அதுக்குத்தான் பேசாமல் நிண்டவள்.”

நூறு நூல்களுக்கு மேல் வாசித்தவனுக்கு, அதனைத் தன் கையாலேயே தட்டியும் விளங்கவில்லை.

கடைசித் தாள்

தடைக்கு ராசா காரணம் சொல்லாததை நானா கண்ட குறையாக எடுத்துச் சொன்னேன். அது உண்மையான குறைதான் என்று ரீச்சர் ஒப்புக்கொண்டு, அங்கேயே இரண்டு வரி எழுதித் தந்தார். பின்னர் என்னைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டு, தாமே அமர்ந்து, ஒற்றை விரலால் புதிய முதற்பக்கத்தைத் தட்டினார். அதன் முதல் வரி: ‘ஒவ்வொரு முறை காற்றை அழைத்தபோதும் அவள் எதையோ இழந்தாள்; எதை என்பது அவளுக்கு நினைவில்லை.’

நான் அதனை இருமுறை வாசித்தேன். இரகசியம் வெளிப்பட்டதா, ஒளிந்துகொண்டதா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. அடுப்பைப் பற்றி அவர் பேசவில்லை. என் அபிப்பிராயத்தையும் கேட்கவில்லை. தாள்களைக் கட்டிக்கொண்டு எழுந்தார். “தபால் கந்தோர் பூட்ட முந்திப் போகோணும் ஐயா. வாறன்.”

நிறைகுறை பற்றிய எனது தீர்ப்பு இன்னும் ஆயத்தமாகாதிருக்க, நாவல் பதிவுத் தபாலில் புறப்பட்டு இவ்விடயம் தீர்ந்த நாள், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை.