மூன்றாவது நட்சத்திரம்

பஸ்ஸிலேயே சொல்லிவிடுவதாகத்தான் திட்டம். புதுக்கோட்டையில் திருமயம் பஸ் ஏறியதும் மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, தப்பிக்க வழியில்லாதபடி பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். நமணசமுத்திரம் வரட்டும் என்று பார்த்தேன், வந்தது, போனது. திருமயம் கோட்டைச் சுவரை ஒட்டிய பைரவர் கோயிலில் டிரைவர் வழக்கம்போல் வண்டியை நிறுத்திக் கும்பிட இறங்கினார். வண்டி சத்தமில்லாமல் நின்றது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"பாப்பா, ஒரு விஷயம்."

"என்னம்மா?"

டிரைவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து வண்டியைக் கிளப்பினார். "எறங்கணும்ல, பைய எடு," என்றேன்.

விஷயம் இதுதான். நாற்பத்தாறு வயதில் எனக்கு மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள ஆசை வந்திருந்தது. அவர் அன்னவாசலில் உரக்கடை வைத்திருக்கிறார். வாடிப்போன மல்லிகைச் செடிக்கு மருந்து கேட்டுப் போனேன். "செடிக்கு ஒரு நோயும் இல்லங்க, நீங்கதான் தண்ணிய ஊத்திக் கொல்றீங்க," என்று சொல்லி, மருந்து விற்காமல் அனுப்பிவைத்தார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிற என்னிடமே சொன்னார். கோபம் கோபமாக வந்தது. அடுத்த வாரம் செடியே இல்லாத ஒரு சந்தேகத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பப் போனேன். அவரும் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் கிடையாது. ஒன்றரை வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

மகள் சரி என்றால்தான் கல்யாணம், அவள் முகம் சுளித்தால் அதோடு விட்டுவிடுவோம் என்று அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். சரி என்றார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அவள் அப்பா இறந்துபோனார். அவர் கைக்கடிகாரத்தை இப்போதும் அவள்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள். கோயம்புத்தூர் காலேஜிலிருந்து மூன்று நாள் லீவில் வந்திருந்தவள் மறுநாள் திரும்பிப் போகிறாள். போனில் சொல்கிற சமாச்சாரமா இது? அதனால்தான் கோயிலுக்கு என்று கூட்டி வந்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரத்துக்கு நடந்து போகிற தூரம்தான். நான் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினேன். வெள்ளரிப் பிஞ்சுக்காரம்மாவைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தேன். அந்தம்மா வியாபாரம் ஆகப்போகிறது என்று பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தூவிவிட்டார், வாங்கிக்கொண்டேன்.

"ஏம்மா இப்புடி ஓடுற? பெருமாள் எங்கிட்டும் போயிற மாட்டாரு, படுத்துல்ல இருக்காரு," என்றாள் மகள்.

படுத்துத்தான் இருக்கிறார். மலையைக் குடைந்து அந்தப் பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். தலையிலிருந்து பாதம் வரைக்கும் பார்க்கக் கழுத்தைத் திருப்பித்தான் ஆகவேண்டும். அவ்வளவு பெரிய சாமிக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மகள் பெயரைச் சொல்லி, சித்திரை, துலாம் என்றேன். என் பெயரைச் சொல்லி, பூரம், சிம்மம் என்றேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். வாய் பாட்டுக்கு, "அனுஷம், விருச்சிகம்" என்றது.

பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் இரண்டே நட்சத்திரம்தான்.

"அனுஷத்துக்குப் பேரு?" என்றார் அர்ச்சகர்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அது... சாமி பேருக்கே பண்ணிருங்க."

"சுவாமிக்குத் திருவோணமாச்சே, அம்மா."

"பரவால்ல, பண்ணுங்க," என்றேன். பெருமாளுடைய நட்சத்திரத்தையே மாற்றிவைத்த புண்ணியவதி திருமயத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அர்ச்சகர் நல்ல மனிதர், ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

வெளியே வந்து செருப்பு மாட்டக்கூட விடவில்லை. "அனுஷம் யாரும்மா?"

"ஒங்க மாமாவுக்கு."

"மாமாவுக்கு அஸ்தம். போன மாசந்தான் அவரு பொறந்தநாளுக்கு அர்ச்சன பண்ணோம்."

"அப்ப எங்க ஹெச்.எம்.முக்கு. பாவம், முட்டி வலின்னு சொன்னாங்க."

"ஒங்க ஹெச்.எம். ஆவூர்க்காரங்கம்மா. ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறவங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. மதில்மேல் கைவைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மகளும் சிரித்தாள், ஆனால் என்னைக் கவனித்துக்கொண்டே சிரித்தாள். உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் கால் தரையில் நிற்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்திலேயே சிவன் கோயில். அதே பாறையைப் பெருமாளும் சிவனும் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். "இங்க அர்ச்சன பண்ணலயா?" என்று மகள் குறும்பாகக் கேட்டாள். "கும்பிட்டாப் போதும்," என்று வாயை இறுக்க மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி அவளைக் கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கோட்டைக்குள் பாதி ஏற்றத்தில், செங்குத்தான ஒரு பாறையில் சின்னக் குகை இருக்கிறது. உள்ளே சிவலிங்கம். ஏறிப் பார்க்க இரும்பு ஏணி போட்டிருக்கிறார்கள். எனக்கு ஸ்டூல்மேல் ஏறினாலே தலை சுற்றும். அன்றைக்கு என்ன பிடித்ததோ, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினேன்.

"ஒனக்குத் தல சுத்தும்மா. வேணாம்."

"நீ கீழ பிடிச்சுக்க."

ஐந்தாவது படியில் நிஜமாகவே சுற்றியது. மேலே போகவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. வெயிலில் காய்ந்த பாறை மூக்குக்கு முன்னால் இருந்தது. மகள் காலடியில் நின்று ஏணியைப் பிடித்திருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. இதற்குத்தான் காலையிலிருந்து இடம் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"பாப்பா, நான் ஒருத்தரக் கட்டிக்கலாம்னு இருக்கேன்," என்று பாறையிடம் சொன்னேன்.

ஏணி லேசாக ஆடியது. கையை எடுத்துவிட்டாளோ என்று நினைத்தேன். குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை.

"அனுஷமா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஆமா."

"மொதல்ல எறங்கி வா. கால இங்கிட்டு வையி. இன்னொரு கால்."

என் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள். இறங்கியதும் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன்: உரக்கடை, மல்லிகைச் செடி, ஒன்றரை வருஷம். "நீ வேணாம்னா வேணாம். சத்தியமாச் சொல்றேன், மனசுல ஒன்னும் வச்சுக்க மாட்டேன்," என்றேன். பச்சைப் பொய்.

அவள் திரும்பிப் படியேறிப் போனாள். பின்னாலேயே போனேன். உச்சியில் பீரங்கி இருக்கிற இடத்தில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே கண்மாய், ஓட்டு வீடுகள், நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகிற பஸ்கள். அவள் முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். முடிந்தது, இன்றைக்கு ராத்திரி அவரிடம் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கினேன்.

"நான் அவர என்னன்னு கூப்புடுறது?" என்றாள்.

குடிப்பாரா, எந்த வீட்டில் இருப்பீர்கள், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவள் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். இதற்கு இல்லை.

"அப்பான்னு மட்டும் கூப்புட மாட்டேன்."

"வேணாம். கூப்புட வேணாம்."

"அப்ப என்னன்னு?"

"தெரியலயே, பாப்பா."

கையை நீட்டினாள். "போனக் குடு. நானே கேக்குறேன்."

தடுக்க நினைப்பதற்குள் 'உரக்கடை' என்று போட்டிருந்த எண்ணைத் தேடி அழுத்தி, நாலு எட்டுத் தள்ளிப் போய்விட்டாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. தன் பெயரைச் சொன்னது தெரிந்தது. நின்று கேட்டாள். தலையாட்டினாள். மறுபடியும் ரொம்ப நேரம் நின்று கேட்டாள். "சரிங்க," என்று போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"தொண்டையச் செருமுறாரு, செருமுறாரு, பேச்சே வரல. கடைசில, 'ஒங்க அம்மாவக் கேட்டுச் சொல்றேம்மா'ங்குறாரு. ரெண்டு பேரும் நல்லாத்தான் சேந்தீங்க, போ."