31ஆம் இலக்க வீட்டு வாசற்பலகை

1993ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. கிழக்கு லண்டன், டன்னக் வீதி, 31ஆம் இலக்க வீடு. குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று: அன்று காலை அந்த வீட்டைக் கையகப்படுத்த வந்தவர்கள், வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்திருந்த ஒரு பலகையைக் கழற்றி எடுத்தார்கள், எடுத்த பொருட்களின் பட்டியலில் அதை எழுதவில்லை. இரண்டு: குடியிருந்தவர்கள் தாமாகவே வெளியேறினார்கள் என்று எழுதினார்கள், அது பொய்.

குற்றம் சுமத்துபவர் பெயர் கஸ்பர். மன்னார்ப் பேசாலையில் பிறந்து, மயிலிட்டியில் பெண் எடுத்து, மனைவி பியற்றிசோடும் ஒரே மகள் றோஸ்மலரோடும் 1984இல் லண்டனுக்கு வந்தவர். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோயிற்று. மிச்சப் படிப்பையெல்லாம் நூலகத்தின் வாசிப்பு மேசையில் தானாகவே படித்துக்கொண்டார். தனக்கு வந்த எந்தக் கடதாசியையும் அவர் எறிந்ததில்லை. மின்சாரக் கட்டணத் துண்டு, வைத்தியசாலைச் சீட்டு, மறுத்து எழுதிய கடிதம், மறுத்ததற்கு இவர் எழுதிய மறுப்பு எல்லாமே ஆண்டு வாரியாகப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும். "இந்த மனிசன் செத்தால் பெட்டிக்குள்ள இடமிராது, கடதாசியள் முதலே படுத்திருக்கும்" என்று பியற்றிஸ் சொல்லிச் சிரிப்பாள்.

ஃபாரஸ்ட் கேட்டுக்கும் அப்டன் பார்க்குக்கும் நடுவே கிடந்த அந்தச் சின்ன வீதியில் 1986இல் வீட்டை வாங்கினார். வேலைத்தலம் அதே வீதியின் முடிவில். கிரியாக்கோ என்ற சைப்பிரஸ் கிரேக்கருடைய கோட்டுத் தையற்சாலை அது. தைத்து வரும் கோட்டுகளை நீராவி அயன் பெட்டியால் அழுத்திக் கொடுப்பது கஸ்பரின் தொழில். வெட்டு மேசைக்கு மேலே, தீக்குச்சிப் பெட்டியளவு மர எழுத்துகள் ஒட்டிய ஒரு பலகை தொங்கியது. கிரேக்க எழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கஸ்பர் அது என்னவென்று கேட்டுவிட்டார். இருவருக்கும் பொதுவான பாஷை தையற்சாலை இங்கிலீஷ்தான்.

"மொலோன் லாவே" என்றார் கிரியாக்கோ. "பாரசீக ராசா பெரிய படையோட வந்து, ஆயுதத்தைக் கீழ வையுங்கோ எண்டு ஆளனுப்பினான். எங்கட ஸ்பார்ட்டா ராசா ரெண்டு சொல்லுத்தான் திருப்பி அனுப்பினான். வந்து எடு. அவ்வளவும்தான்."

"பிறகு?"

"பிறகென்ன, கும்பாரே?" சிநேகிதனை அப்படித்தான் அவர் ஊரில் அழைப்பார்கள். "எங்கட மலையிலயும் ஒருத்தன் குகைக்குள்ள இருந்துகொண்டு இங்கிலீஷ் ஆமிக்கு இதையேதான் சொன்னவன் எண்டு சொல்லுவினம். இப்ப கோப்பிக் கடையிலயும் எழுதுறாங்கள், பந்தடிக்கிற பெடியளும் சட்டையில போடுறாங்கள்."

"நான் கேட்டது, சொன்னவைக்கு என்ன நடந்தது எண்டு."

கிரியாக்கோ சோக்குக் கட்டியால் பலகையைக் காட்டினார். "அதையும் எழுதப் பலகையில இடம் காணாது."

கஸ்பர் அன்று பின்னேரமே நூலகத்துக்குப் போனார். ஸ்பார்ட்டாக்காரர் கடைசி மனிதன்வரை விழுந்ததையும், அந்த ராசாவின் தலையை வெட்டிக் கம்பில் குத்தியதையும் வாசித்தார். வந்தார்கள், எடுத்தார்கள். என்ன சொன்னார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. என்னென்ன எடுத்தார்கள் என்று ஒன்றிலும் இல்லை. அது அவருடைய மனதில் முள்ளாகத் தைத்து நின்றது.

1989இல் றோஸ்மலருக்குச் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை விம்பிள்டனில் இருந்தார். சீதனம் என்று அவர்கள் வாய் திறக்கவில்லை. ஆனால் கஸ்பருக்குத் தன் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில், யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசாக இருந்து ஓய்ந்த அம்பலவாணன் குடியிருந்தார். அவரைக் கொண்டு, ஊர் முறைப்படி, தமிழில், டன்னக் வீதி வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கும் சீதன உறுதிப் பத்திரம் எழுதுவித்தார். நான்கு எல்லைகளும் முறையாக எழுதப்பட்டன: கிழக்கே கிரியாக்கோவின் தையற்சாலைக்குப் போகும் ஒழுங்கை, வடக்கே ரயில் பாதை, தெற்கே வீதி, மேற்கே ஐரிஷ் கிழவியின் மதில். சாட்சிகள் இருவர் ஒப்பமிட்டார்கள். அந்த உறுதியை லண்டன் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உறுதி முடிந்தால் காணி மகளுடையது. தகப்பனும் தாயும் அதில் மகளின் தயவில் இருப்பவர்கள். அவர்கள் கண்ட உலகம் அப்படித்தான் இருந்தது.

அடுத்த வருடம் ஆனி மாதம் ஷெல்லடியில் மயிலிட்டி ஊரே எழும்பி ஓடிற்று. பியற்றிசின் சீதன வீடும் ஆமி முகாமுக்குள் போயிற்று. அவளுடைய தமையனின் கடிதம் மாதங்கள் கழித்துக் கொழும்பு வழியாக வந்து சேர்ந்தது. கஸ்பர் இலங்கையில் மூன்று அலுவலகங்களுக்கு எழுதினார். ஒரேயொரு பதில்தான் வந்தது. அது ஆட்கள் விட்டுச் சென்ற வீடு என்று அதில் எழுதியிருந்தது.

"விட்டிட்டுப் போனதோ?" பியற்றிஸ் அந்தக் கடதாசியை மேசையில் வைத்தாள். "ஷெல் விழ விழ ஓடினதை விட்டிட்டுப் போனதெண்டோ எழுதுறது?"

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டைப் பற்றிப் பேசவில்லை. கஸ்பர் மட்டும் அந்த ஒற்றை வசனத்தை அடிக்கடி எடுத்து வாசித்தார்.

1991 மாசி மாதம் டன்னக் வீதிக்குக் கவுன்சிலிலிருந்து அறிவித்தல் வந்தது. பெருந்தெருவை அகலிக்கும் திட்டம். வடக்குப் பக்க வீடுகளும் தையற்சாலையும் எடுக்கப்படும். உரிமையாளர்கள் ஒப்பமிட வேண்டும். கிரியாக்கோ கொதித்தெழுந்தார். மேசைக்கு மேலிருந்த பலகையைக் கழற்றித் தையற்சாலையின் வெளிக்கதவில் அறைந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் வந்து படமெடுத்தான். படத்தில் கிரியாக்கோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க, ஒரு ஓரத்தில் கஸ்பரின் பாதி முகம் தெரிந்தது. அந்தத் தாளும் பெட்டிக்குள் போயிற்று.

கஸ்பர் ஒப்பமிடவில்லை. "இந்த வீடு என்னுடையதன்று, மகளுடையது. எனக்குச் சொந்தமில்லாததை நான் கொடுக்க முடியாது" என்று எழுதி, உறுதியின் மொழிபெயர்ப்பையும் இணைத்தார். அந்த ஆவணத்துக்குச் சட்ட வலு இல்லை, பதிவில் உள்ள பெயர் உங்களுடையதே என்று பதில் வந்தது. றோஸ்மலர் விம்பிள்டனிலிருந்து ரயிலேறி வந்தாள்.

"அப்பா, ப்ளீஸ். சைன் பண்ணுங்கோ. எனக்கு இந்த வீடு வேண்டாம்."

"உனக்கு வேண்டாமெண்டால் நீ விக்கலாம். நான் விக்கேலாது."

"கவுன்சிலுக்கு அது விளங்காதப்பா. அவங்களுக்கு அந்தப் பேப்பர் ஒரு ஜோக்."

"எங்களுக்கு?"

அவள் தாயைப் பார்த்தாள். பியற்றிஸ் தேத்தண்ணிக் கோப்பையை மகளுக்கு முன்னால் தள்ளி வைத்துவிட்டு, "உங்கட அப்பாவோட வாதாடி வெண்டவையைக் கண்டால் எனக்கும் ஒருக்கால் காட்டு" என்றாள். றோஸ்மலர் தேத்தண்ணியைக் குடிக்காமலே போனாள்.

1992 புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை, கஸ்பர் வேலைக்குப் போனபோது தையல் இயந்திரங்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிரியாக்கோ எப்போதோ ஒப்பமிட்டிருந்தார். பால்மர்ஸ் கிரீனில் வேறு இடம் பார்த்தாயிற்று.

"நீங்களோ?" என்றார் கஸ்பர். "பலகையைக் கதவில அடிச்ச நீங்களோ?"

"ஏச வேணுமெண்டால் ஏசு, கும்பாரே. சைப்பிரஸில சண்டை வரேக்க ஒருக்கால் வீட்டை விட்டிட்டு வந்தனான். அடுப்பில சோறு கிடந்தது. இன்னொருக்கால் பிறத்தியான் வந்து எடுக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்க எனக்கு ஏலாது. அதுதான் நானே வித்தனான்."

"அப்ப இது?" கஸ்பர் கதவைக் காட்டினார்.

கிரியாக்கோ ஆணிகளை நெம்பிப் பலகையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "நீ வைச்சிரு. எனக்கு இனி அதைப் பாக்க வெக்கம்."

அன்று கஸ்பரின் வேலையும் போயிற்று. வீட்டுக்கு வந்து ஏணி வைத்து, வாசல் நிலைக்கு மேலே பலகையை அடித்தார். பியற்றிஸ் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாதாட படம் வைக்கிற இடமப்பா அது. என்ன எழுதிக்கிடக்கு? திட்டோ, செபமோ?"

"வந்து எடு எண்டிருக்கு."

"அவங்கள் வருவாங்கள்தானே."

"ஓம், வருவாங்கள். ஆனால் வந்துதான் எடுக்கோணும். நாங்கள் விட்டிட்டுப் போனதெண்டு இந்தமுறை ஒருத்தனும் எழுதேலாது."

பியற்றிஸ் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மயிலிட்டியின் பெயர் அங்கே சொல்லப்படவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை.

ஓராண்டு போயிற்று. பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகி, சன்னல்களுக்குத் தகரம் அடிக்கப்பட்டது. இரவில் தகரம் காற்றில் அடித்துக்கொள்ளும். எலிகள் மதில் வழியாக இந்த ஒரு வீட்டைத் தேடி வந்தன. பியற்றிசின் நெஞ்சு இழுப்பு அந்த மாரியில்தான் தொடங்கியது. றோஸ்மலர் தொலைபேசியில் அழுதாள். கஸ்பர் ரிசீவரைப் பியற்றிசிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றார். அவர் செய்தது சரியா என்று அவருக்கே உறுதியாகத் தெரியாத இரவுகள் பல இருந்தன. ஆனால் ஒப்பமிட எடுத்த பேனை ஒவ்வொரு முறையும் கையில் கனத்தது.

நீதிமன்ற ஆணையோடு வருபவர்களை ஊரில் பிஸ்கால்காரர் என்பார்கள். இங்கே பெய்லிஃப். நவம்பர் 9ஆம் திகதி காலை அவர்கள் ஆறு பேராக வந்தார்கள். செய்தி அறிந்து றோஸ்மலரும் காரில் வந்திருந்தாள். தலைமை அலுவலர் இளைஞர், மரியாதையானவர். வாசலில் நின்று அண்ணாந்து பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்ததும் முகம் மலர்ந்தது.

"பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்," என்றார். "நல்லது. வந்துவிட்டோம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

றோஸ்மலர் தாயின் கையைப் பிடித்து, மெல்லப் படியிறக்கிக் காருக்குக் கூட்டிப் போனாள். பியற்றிஸ் இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். கஸ்பர் மாடிப்படியின் அடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நடந்து வருகிறீர்களா, தூக்கட்டுமா?"

"தூக்குங்கள்," என்றார் கஸ்பர் இங்கிலீஷில். "தூக்கியதாக எழுதுங்கள்."

இருவர் அவரைக் கமுக்கட்டில் பிடித்துத் தூக்கி வீதியில் வைத்தார்கள். செருப்பு ஒன்று உள்ளேயே விழுந்துவிட்டது. எதிர்ப்பக்கத்து ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோது, அந்த மரியாதையான இளைஞர் ஏணி இல்லாமலே எட்டிப் பலகையை நெம்பி எடுத்து, தன் காரின் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பட்டியல் பத்து நாளில் தபாலில் வந்தது. கட்டில், கதிரை, தையல் இயந்திரம், பாத்திரங்கள், மாதா படம், கடதாசிப் பெட்டிகள், ஒற்றைச் செருப்பு. பலகை இல்லை. அடியில் ஒரு வசனம்: குடியிருந்தோர் அமைதியாகத் தாமாகவே வெளியேறினர்.

அதை வாசித்த அன்று விம்பிள்டன் வீட்டுக் குசினியில் கஸ்பர் மகளிடம் கேட்டார். "நீ கண்டனி. ஒரு பக்கம் எழுதித் தா. தூக்கினவங்கள் எண்டு மட்டும்."

"என்னாலே ஏலாதப்பா." அவள் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை விட்டுத் திரும்பவில்லை. "ரெண்டு பேர் உங்களைத் தூக்கி றோட்டில வைச்சதை நான் மறக்கோணும். நீங்கள் அதை எழுதச் சொல்லுறியள்."

அவர் மறுபடி கேட்கவில்லை. தனியே எழுதினார். அப்படி ஒரு பொருள் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். விடயம் முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று வந்தது. சாட்சி கேட்டார்கள், அவரிடம் இருந்த ஒரே சாட்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

1996 தை மாதம் பியற்றிஸ் விம்பிள்டனில் மூச்சடங்கினாள். அதே ஆண்டு வசந்தத்தில், வீதி அகலிப்புத் திட்டம் கைவிடப்பட்டது என்று பத்திரிகையில் நான்கு வரி வந்தது. வீடு அதற்கு முன்பே இடித்தாயிற்று. றோஸ்மலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, யாருக்கும் சொல்லாமல் டன்னக் வீதிக்குப் போனாள். கம்பிவேலி, அதற்குப் பின்னால் ஆளுயரப் புல், உடைந்த ஒரு அடிப்படி. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். தாமாக விட்டுப் போன அயலவர்களின் வீடுகளைப் போலவே இதுவும் கிடந்தது. யார் பார்த்தாலும் இங்கிருந்து யாரையும் தூக்கினார்கள் என்று சொல்லமாட்டார்கள்.

அன்று பின்னேரம் அவள் தகப்பனின் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தாள்.

"உங்களைத் தூக்கின அண்டைக்கு அம்மா காருக்குள்ள என்ன சொன்னவா தெரியுமோ?"

"என்ன?"

"'அவர் நடக்கேல்லைத்தானே? வடிவாப் பாத்தனிதானே?' எண்டு கேட்டவா. ஓம் எண்டனான்." அவள் கையை நீட்டினாள். "தாங்கோ அப்பா, பேனையை."

எழுதி முடித்த கடிதத்தின் பிரதி 1996ஆம் ஆண்டுப் பெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. அதன் தமிழாக்கம் இது:

"1993 நவம்பர் 9ஆம் திகதி, டன்னக் வீதி 31ஆம் இலக்க வீட்டிலிருந்து என் தந்தை இருவரால் தூக்கி வெளியே வைக்கப்பட்டதை நான் என் கண்ணால் கண்டேன். அவர் தாமாக வெளியேறவில்லை. வாசலுக்கு மேலிருந்த, கிரேக்க எழுத்துப் பொறித்த பலகையை உங்கள் அலுவலர் எடுத்துச் சென்றார். வந்து எடு என்பதே அதன் பொருள். நீங்கள் வந்தீர்கள், எடுத்தீர்கள். அதை நாங்கள் மறுக்கவில்லை, நீங்களும் மறுக்க வேண்டாம். பலகையைத் திருப்பித் தருமாறு நாங்கள் கேட்கவில்லை. பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். 'தாமாகவே வெளியேறினர்' என்ற வசனத்தை நீக்கி, 'வெளியேற்றப்பட்டனர்' என்று எழுத வேண்டும். இவ்விரண்டையும் செய்துள்ளதாக, பொறுப்பான அலுவலரின் பெயரோடும் ஒப்பத்தோடும், எழுத்தில் பதில் தருக."

கீழே இரண்டு ஒப்பங்கள். முதலாவது, றோஸ்மலர், வீட்டின் உரிமையாளர். இரண்டாவது, கஸ்பர், அவள் தயவில் குடியிருந்தவர்.