மண்ணுக்கு மூன்று நாள் லீவு

மினி டிராக்டர் என்றுதான் அதற்குப் பெயர். முதல் நாள் மேலே ஏறி உட்கார்ந்தபோது அதில் மினியாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. கிளட்சை விட்டதும் ஒரு குதி குதித்து, வேலிக் கம்பத்தைப் பெயர்த்துக்கொண்டுதான் நின்றது. என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேங்க்லயும் ஃபைலை இப்படித்தான் தள்ளினியா?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சாயங்காலத்துக்குள் கம்பத்தைத் திரும்ப நட்டு, அதே வண்டியை அதன் மேல் படாமல் ரிவர்ஸில் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

நிலம் கல்கத்தாவுக்குத் தெற்கே, பாருய்ப்பூருக்கு அப்பால் இருக்கிறது. வீடு நகரத்துக்குள், டாக்குரியாவில். லோக்கல் டிரெயினில் போய், டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா பிடித்து, கடைசியில் கொஞ்சம் நடக்க வேண்டும். நான் பேங்க் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியதே அந்த நிலத்துக்காகத்தான். கணவர் சால்ட் லேக் ஆபீஸை விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நான் பாதி வாரம் அங்கேயே இருக்கும் ஒற்றை அறையில் தங்கிக்கொள்வேன். கொய்யா போடலாம் என்பது என் யோசனை. அந்தப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நட்டாலும் கொய்யா வரும் என்றார்கள். வரவும் வந்தது. ஆனால் போன மழைக்காலத்தில், நிலத்தை ஒட்டிய குளத்தின் கிழக்குக் கரை தாழ்ந்திருந்த இடத்தில் தண்ணீர் ஏறி வந்து நாள்கணக்கில் நின்றது. வேர் அழுகி அத்தனை கன்றும் போயிற்று.

மறுபடி வாங்கி நட்டேன். கணவர் தடுக்கவில்லை. "இந்த மழைக்கும் கன்னு போச்சுன்னா நிலத்தை வித்துடலாம். கேக்கறதுக்கு ஆள் இருக்கு. அப்புறம் அழக் கூடாது," என்று மட்டும் சொன்னார்.

"போகாது. நான் அழவும் மாட்டேன்," என்றேன்.

ஆக, கிழக்குக் கரை உயர்ந்தே தீர வேண்டும். நிலத்தின் மேட்டு மூலையில் வேண்டிய மண் இருந்தது. அதை டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரால் கிளறி, டிரெய்லரில் அள்ளி, கரையில் கொட்டி, டயரால் மிதித்து இறுக்க வேண்டும். கோடையில் முயன்று பார்த்தேன். மண் கல்லாகக் கிடந்தது. ரோட்டவேட்டர் அதன் மேல் துள்ளிக்கொண்டு ஓடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. முதல் மழை நனைக்கட்டும் என்று காத்திருந்தேன். ஆனி பிறந்து ஒரு நல்ல மழை பெய்தது. டாக்குரியா வீட்டு அடுக்களையில் தமிழ் நாள்காட்டியின் தாளைக் கிழித்தால், ஏர் உழ நன்று என்று போட்டிருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்? கிடைத்த டிரெயினைப் பிடித்து ஓடினேன்.

என்ஜினைக் கிளப்பி, மேட்டு மூலைக்குப் போய், ரோட்டவேட்டரை இறக்க லிவரில் கை வைத்த நேரம், பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஈரத் தலையோடு ஒருவர் ஓடி வந்தார். நான் பௌதி என்று கூப்பிடுகிறவர். அண்ணி என்று அர்த்தம். அவருக்கு நான் தீதி, அதாவது அக்கா. என் வயதுதான் இருக்கும். கணவரை இழந்து, தன் கொய்யாத் தோட்டத்தைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறவர். நேராக வந்து டிராக்டருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நிறுத்து தீதி, நிறுத்து! இன்னைக்குப் போயா மண்ணுல கத்தியை இறக்குறே?" என்று வங்காளியில் கத்தினார். "அம்புபாச்சி!"

நான் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். துர்கா பூஜை தெரியும், சரஸ்வதி பூஜைக்கு மஞ்சள் புடவை தெரியும். ஃபிளாட்டில் இருக்கிறவளுக்கு மண் சமாசாரம் எங்கே தெரிகிறது? என்ஜினை அணைத்த பிறகு பௌதி விளக்கினார். முதல் மழையோடு பூமித் தாய்க்கு மாதவிலக்கு. மூன்று நாள் அவளை உழக் கூடாது, வெட்டக் கூடாது, ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் ஒரு மண்வெட்டிகூட அசையாது.

"எங்க காலண்டர்ல இன்னைக்கு உழலாம்னு போட்டிருக்கே," என்றேன்.

"உங்க காலண்டர் உங்க ஊர் மண்ணுக்கு. இது எங்க ஊர் மண்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மழை உங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்குமா, கன்று செத்தால் என் நிலமே போய்விடும் என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். பௌதி நகரவில்லை. குரலை மட்டும் இறக்கினார்.

"அந்த நாள்ல உன்னை யாராவது எழுப்பி வேலை வாங்கினா உனக்கு எப்படி இருக்கும், தீதி?"

எப்படி இருக்குமா? பேங்க்கில் இருந்த அத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்தது. கேஷ் கவுன்டருக்குப் பின்னால், இடுப்பு கழன்று விழுகிற வலியோடு, சிரித்த முகமாக நோட்டு எண்ணியிருக்கிறேன். ஒரு தடவைகூட லீவு கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை. காலடியில் கிடந்த அந்த ஈர மண்ணைப் பார்த்தேன். எனக்கு அதன் மேல் பொறாமையாக இருந்தது.

லிவரிலிருந்து கையை எடுத்தேன். அதற்காகக் கரையை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை.

"சரி, வெட்டலை. வெட்டாம கரையை எப்படி ஒசத்தறதுன்னு நீங்களே சொல்லுங்க," என்றேன்.

பௌதி தன் வீட்டுப் பின்புறம் கை காட்டினார். போன வருஷப் புயலில் விழுந்த அவருடைய பழைய சமையற்கட்டின் மண் சுவர், உடைந்த ஓடுகளோடு ஒரு மேடாகக் குவிந்து கிடந்தது.

"அதுவும் மண்தானே?" என்றேன்.

"மண்ணா? அது சுவர்," என்றார் பௌதி, கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற மாதிரி. "வேணுங்கறதை அள்ளிக்கோ. நானும் வரேன். எனக்கு இந்த மூணு நாளும் அடுப்பு கிடையாது, பழமும் பாலும்தான். சும்மாதானே உக்காந்திருக்கேன்."

வங்காளிகளில் கணவரை இழந்தவர்கள் அந்த நாட்களில் சமைத்த சோறு தொடுவதில்லை. வெறும் கொய்யாவையும் வாழைப்பழத்தையும் தின்றுவிட்டு அந்தப் பெண்மணி எனக்குச் சமமாக மண் அள்ளினார். மண்வெட்டி அடித் தரையைத் தொட்டுவிடக் கூடாது என்று ஒரு கண் என் கை மேலேயே இருந்தது. "மேலாக, மேலாக!" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். டிரெய்லர் நிறைந்ததும் நான் ஏறி ஓட்டுவேன். இரண்டு கன்று வரிசைக்கு நடுவில் பெரிய டிராக்டர் நுழையவே முடியாது. என் மினி, கன்றுகளின் இலையை உரசிக்கொண்டு கரைவரை போயிற்று. அன்றைக்குத்தான் அந்தப் பெயருக்கு மரியாதை கொடுத்தேன்.

இரண்டாம் நாள் தூறலில் பின் சக்கரம் சேற்றில் மாட்டி, நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. "ஐயோ, கிழிக்கிறியே!" என்று பௌதி அலறினார். சட்டென்று அணைத்தேன். உடைந்த ஓடுகளைக் கையால் சக்கரத்துக்கு அடியில் திணித்து, முதல் கியரில், மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏற்றினேன். வண்டி மேலே வந்தது. சக்கரம் பறித்த இடத்தைப் பௌதி குனிந்து உள்ளங்கையால் தடவி மூடினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தடவினேன்.

மூன்றாம் நாள் காலையில் கடைசி டிரெய்லரைக் கொட்டி மிதித்து முடித்தேன். மதியம் வானம் உடைந்துகொண்டது. அறை வாசலில் நின்று குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து புதுக் கரையைத் தொட்டது. கரை ஓரத்தில் கொஞ்சம் கரைந்தது, ஆனாலும் உடையாமல் நின்றது. பௌதியின் சமையற்கட்டுச் சுவர் குளத்தைத் தாண்டவிடவில்லை.

மறுநாள் ஞாயிறு. கணவர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்து, கரை மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். கன்றுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நடுவில் அவருக்கு ஃபோன் வந்தது, நிலம் கேட்ட ஆள்தான். விற்கிற யோசனை இல்லை என்று வங்காளியில் சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அழ மாட்டேன் என்று சொல்லியிருந்தேனே, அதனால் அழவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் பௌதியின் அடுப்பு புகைய ஆரம்பித்திருந்தது.

"மண்ணோட லீவு முடிஞ்சுபோச்சே," என்றார் கணவர். "இன்னைக்கு உழலையா?"

"இன்னைக்கு எனக்கு லீவு," என்று சொல்லி, டிராக்டர் சாவியை அவர் கையில் வைத்தேன்.